நூற்றிரண்டு பாகை

தண்ணீரின் மேலேயே புகார் வைத்திருந்த மனிதர் ஈப்போவில் ஒருவர்தான்: எங்கள் கோணமானி அண்ணன். சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சிம்பாங் பூலாய் கையுறைத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. சட்டைப்பையில் பேனா இருக்காது, கோணமானி இருக்கும்.

தண்ணீர் வடிகட்டி விற்கும் கடையொன்றின் பலகையில் நீர் மூலக்கூறு வரைந்திருந்தார்கள். அண்ணன் கடைக்காரரின் நாற்காலியிலேயே ஏறி அதன் கோணத்தை அளந்துவிட்டார்.

"தவுக்கே, இது தொண்ணூறு! நூத்தி நாலரை இருக்கணும் லா!"

"ஆயேர் போலே மீனும், சுக்குப் லா!" குடிக்க முடிகிறதே, அது போதாதா என்று சீன முதலாளி மலாயில் விரட்டினார். அண்ணனோ அந்தக் கடைப்பக்கமே பிறகு போகவில்லை. என் கல்யாணப் பந்தலிலும் பலூன்களைக் கோணம் அளந்துதான் கட்டினார். என் மாமியார் இன்னும் அதைச் சொல்லித் திட்டுகிறார்.

அப்புறம் அவர் மனைவி மேரி அக்கா இறந்துபோனார். அண்ணன் வேலைக்கு வந்தார், போனார். ஒரு மாதமாக யாரையும் திருத்தவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் வாயால் ஒரு திட்டு வாங்கியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

வெள்ளைப்பலகையில் நைட்ரஜனும் மூன்று ஃபுளோரினும் வரைந்து, கோணத்தை வேண்டுமென்றே தப்பாக நூற்றேழு என்று எழுதினேன். முதல் நாள் பார்க்காமலே போனார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நின்றார்.

"யாரு இது?"

"நான்தாண்ணே. தப்பா?"

"ஹைட்ரஜன் மூனு இருந்தாத்தான் நூத்தியேழு. ஃபுளோரின் எலக்ட்ரானையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கும். நடுவுல நெருக்கம் குறைஞ்சிடும், கோணம் சுருங்கிடும்." விரலாலேயே அழித்து நூற்றிரண்டு என்று எழுதினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். "நைட்ரஜன் அதே நைட்ரஜன்தானேண்ணே?" என்று வாயைக் கிண்டினேன்.

"அதேதான்மா. ஒட்டிக்கிட்டு இருந்தது மாறிப்போச்சு. அப்புறம் அது மட்டும் எப்படிம்மா பழையபடி இருக்கும்?" சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

ஆறு மாதத்தில் அவரும் அக்காவிடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மேசைக்கு இன்னும் ஆள் வரவில்லை.

நேற்று காலை பலகையில் அதே படத்தை வரைந்து, மறுபடியும் நூற்றேழு என்றே எழுதி வைத்தேன். சாயங்காலம் வேலை முடியும்வரை பார்த்தேன். திருத்த யாரும் வரலையேண்ணே.