கொடிக்குள் பூவிதழ் மட்டும்

எண்ணிச் செய்கிறவன் தவறு செய்ய மாட்டான் என்று ஒரு நம்பிக்கை உலகத்தில் இருக்கிறது. அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால், அது பொய் என்று ஒப்புக்கொள்ளும் கடமையும் எனக்கு உண்டு. எண்ணுகிறவனும் தவறு செய்வான். எத்தனை தவறு செய்தான் என்பது மட்டும் அவனுக்குச் சரியாகத் தெரியும். நான் சொல்லப்போகும் காலையில் செய்தவை ஏழு.

எனக்கு இப்போது எழுபத்தொன்று. இது நடந்தபோது அறுபத்திரண்டு. எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வாளராக இருந்தவன். நகரி, புத்தூர் சந்தைகளில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'தராசு சாரு' வருகிறார் என்றால் கடைக்காரர்கள் சாக்கை எடுத்துப் படிக்கல் மேல் போடுவார்கள். ஓய்வுபெற்று திருச்சானூரில் ஒரு காலனியில் குடியேறிய பிறகு அளக்கச் சந்தை இல்லாததால் வீட்டையே அளக்க ஆரம்பித்தேன். மாடிப்படி பதினேழு. வாசல் கேட்டின் கம்பி இருபத்திரண்டு. என் மனைவி கோமளா ஒரு நாளைக்கு விடும் பெருமூச்சு சராசரியாக ஒன்பது. (நான் எண்ணுகிறேன் என்று தெரிந்தால் பன்னிரண்டு.)

எங்கள் ஒரே மகள் தமயந்திக்கு அதற்கு முன் மூன்று வரன்கள் வந்து, மூன்றும் என்னால் போயின. முதல் பையன் ஐந்தடி எட்டு அங்குலம் என்றார்கள். வாசற்காலில் நிறுத்தி டேப் வைத்தேன். ஐந்தடி ஆறேகால். இரண்டாவது பையனின் அப்பா போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இது பதினொண்ணு, இன்னும் வைக்கட்டுமா?" என்று அன்போடுதான் கேட்டேன். மூன்றாவது பையனின் அம்மா தன் சீமந்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இதை நான்காவது தடவையாகச் சொல்கிறீர்கள் என்று நினைவூட்டினேன். அவ்வளவுதான்.

நான்காவது வரன் நாகலாபுரம். பையன் தினகர் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அதே ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில்தான் தமயந்திக்கும் வேலை. இருவரும் ஏற்கெனவே பேசி முடிவுசெய்துவிட்டார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நடித்தார்கள். தெரியாதவன் மாதிரி நானும் நடித்தேன். பையனின் அப்பா முனிரத்தினம், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். இந்தக் கல்யாணத்துக்கு அவர் தலையசைப்பு ஒன்றுதான் பாக்கி.

பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பு தமயந்தி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, உங்க கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் எதையும் எண்ணாதீங்க, அளக்காதீங்க. இதுவும் போச்சுன்னா நான் அப்புறம் யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்."

சத்தியம் செய்தேன். ஒரு முறை.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாள் ஆகஸ்ட் பதினைந்து, காலை பத்து மணி. அதே சமயத்தில் காலனித் தலைவர் நாயுடு, இந்த வருடம் நீங்கள்தான் கொடியேற்ற வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். என் மூளை வேலை செய்தது. (என் வாழ்க்கையில் நடந்த கெடுதல்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்துக்குப் பிறகு நடந்தவை.) பையனின் அப்பா ராணுவ வீரர். நான் கொடியேற்றுவதை அவர் கண்ணாரக் கண்டால் பத்துப் பொருத்தமும் பார்த்த மாதிரி. அதனால் பத்து மணியை ஏழரை ஆக்கினேன்.

தயாரிப்பில் குறை வைக்கவில்லை. கொடியின் நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு என்று டேப்பால் சரிபார்த்தேன். (இது மனிதர்களை அளப்பதில் சேராது.) சக்கரத்தின் ஆரங்களை எண்ணினேன், இருபத்து நான்கு. மறுபக்கம் திருப்பி எண்ணினேன்; அங்கேயும் இருபத்து நான்கு. கொடியின் பொருளை விளக்கிப் பதினோரு பக்க உரை எழுதினேன். காவி, துறவும் தைரியமும். வெள்ளை, உண்மை. பச்சை, மண்ணும் அதில் விளைவதும். ஏழாவது பக்கம் முழுக்கச் சக்கரம். ஒரு தேசம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், சக்கரம் நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்ற இடத்தில் குரலை உயர்த்த வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்தும் வைத்திருந்தேன்.

அன்று விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கொடியை மேசைமேல் விரித்து, நூற்றெட்டு ரோஜா இதழ்களை எண்ணி வைத்தேன். புழுக்கத்தில் மூக்குக் கண்ணாடி வேர்த்து மங்கியது. கழற்றி வைத்தேன். முடிச்சுப் போடக் கண்ணாடி தேவையில்லை. நகரியில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு இணைப்பது சிறு வயதில் என் வேலை. எத்தனை ஆயிரம் முடிச்சு போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அன்றும் விரல்கள் தாமாகவே போட்டன. கொடியை மடித்தேன், சுருட்டினேன், கயிற்றால் கட்டி, கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவைத்தேன்.

அதன் பிறகுதான் கண்ணாடியைக் காணவில்லை. பூஜையறை, குளியலறை, அரிசி டின் உட்படப் பதினான்கு இடங்களில் தேடினேன். கோமளாவின் பெருமூச்சு ஒரு நாள் சராசரியை ஏழு மணிக்குள்ளேயே தாண்டியது.

ஏழரைக்கு முனிரத்தினம் மனைவியோடும் மகனோடும் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கூர்மையான மீசை, நிமிர்ந்த முதுகு. உயரம் சுமார்... சரி, சத்தியம் செய்திருந்தேன். காபிகூடக் கொடுக்காமல் அவரைக் கொடிக்கம்பத்தடிக்கு அழைத்துப்போய் விதிகளை விளக்கினேன். கொடி தரையில் படக் கூடாது. அதைவிட உயரத்தில் வேறு கொடி எதுவும் இருக்கக் கூடாது. அதில் மனிதர்களையும் நானாகவே சேர்த்துக்கொண்டு, கம்பத்தை ஒட்டியிருந்த எங்கள் மொட்டை மாடிக்கு யாரும் போகக் கூடாது என்று தடை போட்டிருப்பதையும் சொன்னேன். கடைசியாக ஒரு விரலை உயர்த்திச் சொன்னேன்: "முக்கியமா, கொடிக்குள்ள பூவிதழ் மட்டும்தான் வைக்கலாம். வேற எதை வெச்சாலும் அது அவமரியாதை. நிறைய பேருக்கு இது தெரியறதில்ல சார்."

இருபத்தொரு வருடம் பட்டாளத்தில் இருந்த மனிதர், தெரியாதவர் மாதிரி பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்த முடிச்ச நான் ஒரு வாட்டி பாத்துடட்டுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சார், நான் நகரிக்காரன்" என்றேன். ஏழில் இதுதான் பெரிய தவறு.

எட்டு மணி. முப்பத்தெட்டு பேர் வரிசையில் நின்றார்கள். (மனதுக்குள் எண்ணுவது எண்ணுவதில் சேராது.) தினகர் மிட்டாய்த் தட்டோடு கம்பத்தடியில் நின்றார். தட்டில் நாற்பத்தைந்து மிட்டாய். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். முனிரத்தினம் விறைப்பாகச் சல்யூட் வைத்தார். அவரைப் பார்த்து எல்லோரும் சல்யூட் வைத்தார்கள்.

கொடி விரியவில்லை.

இன்னொரு முறை இழுத்தேன். மேலே மூட்டை ஆடியது. ஓர் இதழ்கூட விழவில்லை. நாயுடு தணிந்த குரலில், "லாகண்டி சாரு, கெட்டிகா லாகண்டி" என்று ஊக்கம் கொடுத்தார். கெட்டியாகவே இழுத்தேன். பாவு முடிச்சின் குணம் இழுக்க இழுக்க இறுகுவது. அதற்காகத்தான் தறியில் அதைப் போடுகிறோம். இந்த உண்மை அறுபத்திரண்டு வயது நகரிக்காரனுக்கு ஐந்தாவது இழுப்பில் நினைவுக்கு வந்தது. ஆறாவது இழுப்பில் கயிறு கப்பியின் சக்கரத்தைவிட்டு நழுவி இடுக்கில் சிக்கிக்கொண்டது. இனி மூட்டை விரியவும் விரியாது, கீழே இறங்கவும் இறங்காது. சக்கரம் நின்றுவிட்டது. என் உரையின் ஏழாவது பக்கம் சட்டைப் பையில் கனத்தது.

கொடி விரியாமலே தேசிய கீதத்தைப் பாடிவிடலாமா என்று நாயுடு கேட்டார். முனிரத்தினம் உதடு அசையாமல், "கொடி விரியட்டுங்க" என்றார். அவர் சல்யூட்டை இறக்கவில்லை. அதனால் மற்றவர்களும் இறக்கவில்லை. கை வலித்தவர்கள் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் இன்னொன்று நடந்தது. எங்கள் தெரு தாயார் கோயிலுக்குப் போகும் வழி. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய பக்தர்கள், இத்தனை பேர் அசையாமல் வரிசையில் நிற்பதைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் கடைசியில் நின்றவரிடம், "ஏமண்டி, இதி ஃப்ரீ தரிசனம் லைனா?" என்று கேட்டார். அவர் சல்யூட்டில் இருந்ததால் பேசாமல் கண்ணை மட்டும் மூடித் திறந்தார். அது போதும். அந்த அம்மாள் குடும்பத்தோடு பின்னால் நின்றார். அவர்களைப் பார்த்து வேறு சிலர். ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முப்பத்தெட்டு நாற்பத்தாறானது. நாற்பத்தாறு ஐம்பத்தாறானது. நான் கயிற்றில் தொங்கிக்கொண்டே எண்ணிக்கொண்டிருந்தேன். மிட்டாய் பதினொன்று குறைகிறது என்ற கவலை வேறு.

ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது. முனிரத்தினத்தின் மனைவி கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் கைப்பையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். முன்பு மூன்று வீட்டு அம்மாக்கள் அப்படிக் கைப்பையை எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்த படி எழுந்து போவதுதான். இவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

மொட்டை மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். பத்து மணிக்குத் தலை குனிந்து காபித் தட்டோடு வந்திருக்க வேண்டிய என் மகள், பட்டுப் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்து நின்றாள்.

"நைனா, கயித்த விடுங்க."

"நான் இழுத்துக்கினு கீறேன் இல்ல" என்றேன். (பதற்றத்தில் முப்பத்து நான்கு வருட ஆபீஸ் தமிழ் போய்விட்டது.)

"இழுத்துக்கினே இருந்தா எறுகிக்கினே போவும். பாவு முடிச்சு போட்டு வெச்சிருக்கீங்க. விடுங்க."

"நீ இறங்கு முதல்ல. கொடியவிட ஒசரத்துல நிக்கக் கூடாது."

"இப்ப அது மூட்டை நைனா. கொடியாவட்டும், நான் எறங்கிடறேன்."

ஐம்பத்தாறு பேரும் நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தார்கள். கயிற்றை விட்டேன். அவள் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, எட்டி, முடிச்சின் முதுகில் குத்தி உள்பக்கமாகத் தள்ளினாள். என் முழுப் பலத்துக்கும் மசியாத முடிச்சு, அந்தத் தளர்ந்த கயிற்றில் பூ உதிர்வது போல் விட்டது. கொடி விரிந்தது. இதழ்கள் சிதறின. சொன்னபடியே அவள் சட்டென்று சுவருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

இதழ்களின் நடுவே கறுப்பாக ஒன்றும் வந்தது. அது நேராக இறங்கி, தினகர் பிடித்திருந்த மிட்டாய்த் தட்டில் 'டங்' என்று விழுந்தது.

என் மூக்குக் கண்ணாடி.

உடனே கீதம் தொடங்கிவிட்டது. யாரும் சிரிக்க முடியாது, அசைய முடியாது. ஐம்பத்திரண்டு விநாடி. எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். தினகரின் தட்டு மட்டும் கிடுகிடுவென்று ஆடியது. பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு பாடிய அழகை இன்றும் மறக்க முடியவில்லை.

முடிந்ததும் முனிரத்தினம் சல்யூட்டை இறக்கினார். தட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்து, தானே என் மூக்கில் மாட்டிவிட்டார்.

"பூவிதழ் மட்டும்தான் வைக்கணும்னு சொன்னீங்களே சாரு. இது எந்தப் பூவுது?"

காலனி அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு முழுவதும் வெளியே வந்தது. பக்தர்களும் சிரித்துவிட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு, லட்டு எங்கே என்று கேட்டார்கள். பதினோரு பக்க உரையை யாரும் கேட்கவில்லை. இப்போது கண்ணாடி இருந்தது. படிக்கத்தான் வாய் வரவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். நான் தரையின் சதுரக் கற்களைப் பார்த்துக்கொண்டு, எண்ணாமல் இருந்தேன். தமயந்தி காபி கொண்டுவந்தாள். தலைமுடியில் ஒரு பக்கம் பின் இல்லாமல் சரிந்திருந்தது. முகத்தில் பயம் தெரிந்தது. மாடியில் நின்றபோது இல்லாத பயம்.

முனிரத்தினம் காபியைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். "பட்டாளத்துல எத்தனையோ கொடி சிக்கிக்கினத பாத்திருக்கறேன். எல்லாரும் இன்னும் கொஞ்சம் இழுன்னுதான் சொல்லுவாங்க. விடுங்கன்னு சொன்னது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். எங்களுக்குச் சம்மதம்" என்றார். அவர் மனைவி கைப்பையைக் கீழே வைத்தார். கோமளா விட்ட மூச்சு இந்த முறை பெருமூச்சில் சேராது, வேறு வகை.

"ஒரே ஒரு கண்டிசன்" என்று சம்பந்தி தொடர்ந்தார். "கல்யாணத்துல எந்தக் கயித்தையும் நீங்க தொடக் கூடாது."

தொடவில்லை. பந்தல்காரர் ஒரு முனையைச் சற்றுப் பிடிக்கச் சொன்னபோதுகூட இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஒன்பது வருடமாகிறது. எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும், சாவியோ, ரேஷன் கார்டோ, ஒரு கால் செருப்போ, முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "கொடிக்குள்ள பாத்தீங்களா மாமா?" மாப்பிள்ளைக்கு இது சலிப்பதே இல்லை. (இதுவரை இருநூற்றுப் பதின்மூன்று தடவை.) காலனியில் கொடியை இப்போது தமயந்திதான் கட்டுகிறாள். இதழ் எண்ணித் தரும் வேலை மட்டும் எனக்கு. அதற்கும் நாகலாபுரத்திலிருந்து சம்பந்தி வந்து மேற்பார்வை செய்கிறார். கொடியை மடிப்பதற்கு முன் என் எதிரே விறைப்பாக நின்று, வருடம் தவறாமல் கேட்கிறார்.

"கண்ணாடி?"

"மூக்குல இருக்குது சார்."

"எத்தினி?"

"ஒண்ணு சார்."

"சரி, மடிக்கலாம்" என்கிறார்.