தராசு ஐயா மறந்த ஒரு 2

நெஞ்செரிச்சலுக்குச் சோடா மாவு கேட்டுப் போய், இரசாயனப் பரீட்சையில் தோற்றுத் திரும்பிய ஜனங்கள் உலகத்திலேயே எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் இருந்தார்கள். ஹட்டனுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது சின்னக் கிளாக்கர். மருந்து கொடுப்பவரைத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லாரும் தராசு ஐயா என்றார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவர் கொள்கை ஒன்றுதான். வயிற்றில் அமிலம், டப்பாவில் காரம். இரண்டும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் வாயுவும் வரும். இந்தப் பக்கம் இருந்த ஒவ்வொரு அணுவும் அந்தப் பக்கம் வந்தாக வேண்டும். அதைச் சுவரில் சோக்கால் எழுதி, நோயாளி எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் டப்பா திறக்கும்.

“ஐயா, நெஞ்சு கரிக்குதுங்க,” என்று வந்தாள் கொழுந்து பறிக்கும் அழகம்மா.

“இடது பக்கம் ஐதரசன் எத்தனைன்னு எண்ணு.”

எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. “இப்ப தேவலைங்க. நான் மலைக்குப் போறேன்.”

“நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள வாயுவை விட்டுட்டியே,” என்று நொந்துகொண்டார்.

தோட்டத்துக்கே ராஜாவான பெரிய துரையும் ஒருமுறை ஐதரசனை எண்ணி, மூன்று என்றார். விடை இரண்டு. துரைக்கு அன்று சோடா கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் வலது கையைக் கொண்டுபோக வேண்டி வந்தது. லொறி பேட்டரிக்கு ஸ்டோரிலிருந்து ஆசிட் எடுத்துக் கொடுக்கும்போது ஜாடி வழுக்கி, மணிக்கட்டுவரை கொட்டிவிட்டது. எழுதுகிற கை போனால் கிளாக்கர் வேலை போச்சு. வேலை போனால் நானும் என் அம்மாவும் குவாட்டர்ஸைக் காலி பண்ண வேண்டியதுதான். லொறி டிரைவர் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்.

“ஐயா எழுத ஆரம்பிச்சா உங்க கை கரைஞ்சிடுமுங்க,” என்று வழியெல்லாம் ஆறுதல் வேறு சொன்னார்.

ஐயா பார்த்தார். சோக்கை வீசிவிட்டு, என் கையைக் குழாயடியில் பிடித்தார். அரை மணி நேரம் ஐஸ் மாதிரித் தண்ணீர்.

“கணக்குப் போடலைங்களா?” என்றார் டிரைவர்.

“வாயை மூடு. தண்ணியை நல்லாத் திற.”

பிறகு சோடா மாவு கரைத்த தண்ணீரால் கழுவிக் கட்டுப் போட்டார். “பயப்படாதீங்க தம்பி. எழுதுவீங்க,” என்றார். பழக்க தோஷம், சுவரிலும் எழுதினார்:

H₂SO₄ + NaHCO₃ → Na₂SO₄ + 2H₂O + 2CO₂

எழுதிவிட்டு டீ போட உள்ளே போனார். பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். வலது பக்கம் சோடியம் இரண்டு, இடது பக்கம் ஒன்று. துரைக்கே விட்டுக்கொடுக்காத மனிதர், என் கையைப் பார்த்துப் பயந்த பயத்தில் கணக்கைத் தவறவிட்டிருந்தார். சோக்கை எடுத்து, இடது கையால் NaHCO₃-க்கு முன்னால் கோணலாக ஒரு 2 போட்டேன்.

டீயோடு வந்தவர் சுவரை வெகுநேரம் பார்த்தார். “கோழி கிறுக்கின மாதிரி இருக்கு,” என்றார். அவ்வளவுதான்.

கை ஆறியது, வேலை நிலைத்தது. தீபாவளிக்கு மருந்து அறைக்கு வெள்ளையடித்தார்கள். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்கள். முடியும்வரை தராசு ஐயா அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம்.