பென் டிரைவைப் பிடுங்காத மனிதர்

கணினியில் செருகிய பென் டிரைவைக் கழற்றும் முன் 'பாதுகாப்பாக அகற்று' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். 'இப்போது அகற்றலாம்' என்று கணினி பதில் சொன்ன பிறகே அதில் கை வைக்க வேண்டும். இதுதான் விதி. இதைப் படித்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். இதன்படி நடந்தவர், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே ஒருவர்தான். அவர் உத்தமபாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டுக்கு வெளியே அது புழங்கவில்லை. ஊருக்கு அவர் 'பாதுகாப்பு'. காதுபடவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் அதை ஒரு விருதைப் போல வாங்கிக்கொண்டார்.

எங்கள் பள்ளத்தாக்கில் பேருந்து முழுதாக நிற்பது டிப்போவில்தான். வழியில் வேகம் குறையும். அதற்குள் இறங்குகிறவர் இறங்கி, ஏறுகிறவர் ஏறிவிட வேண்டும். பாதுகாப்பு மட்டும் சக்கரம் நின்றதைக் கண்ணால் பார்க்காமல் படியில் காலை வைக்க மாட்டார். அனுமந்தன்பட்டியில் இறங்க வேண்டியவர் கம்பம் வரை போய்விட்டுத் திரும்பி வருவார்.

"ஏண்ணே, எறங்குறீகளா, இல்ல கம்பத்துக்கே டிக்கெட் போட்ரவா?" என்று கண்டக்டர் கத்துவார்.

"வண்டி முழுசா நிக்கட்டும்ப்பா."

"முழுசா நின்னா நம்மதாண்ணே எறங்கித் தள்ளணும்!"

ஓய்வு பெற்ற பிறகு நான் அவர் கடைக்குப் போக ஆரம்பித்தேன். உயிரோடு இருக்கிறேன் என்பதை வருடா வருடம் காகிதத்தில் நிரூபிக்க வேண்டிய நிலைமை எனக்கு. அந்தக் காகிதத்துக்குப் பிரதி எடுக்கப் போனவன், அரசு உத்தியோக காலம் முழுதும் விதிகளோடு குடும்பம் நடத்திய பாசத்தில், அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிலைபெற்றுவிட்டேன்.

கடையில் இருந்தது ஒரே ஒரு பழைய கணினி. எதிரே இருந்த இன்னொரு ஜெராக்ஸ் கடைக்காரரைப் போலத் திருட்டு சாஃப்ட்வேர் போட பாதுகாப்புக்கு மனம் வரவில்லை. உலகம் முழுதும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கிற ஒன்றைப் போட்டிருந்தார். அதுவும் தமிழில். நன்றாகத்தான் ஓடியது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. பென் டிரைவில் உள்ள கோப்புகளைத் திறந்து காட்டுகிற ஜன்னல் ஒன்று உண்டு. ஃபைல் மேனேஜர் என்பார்கள். அதில் 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அமுக்கிய உடனே அந்த ஜன்னல் செத்து விழும். திறந்து வைத்த மற்ற ஜன்னல்களும் உடன்கட்டை ஏறும். 'இப்போது அகற்றலாம்' என்ற வாசகம் மட்டும் வரவே வராது.

வேடிக்கை என்னவென்றால், கேட்காமல் பிடுங்குகிறவனைக் கணினி ஒன்றும் செய்யாது. விதிப்படி அனுமதி கேட்கிறவனைத்தான் காலை வாரிவிடும். இந்த ஏற்பாடு எனக்குப் புதிதில்லை. இதற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

வாசகம் வராமல் பென் டிரைவை எடுக்க பாதுகாப்பு ஒப்ப மாட்டார். எனவே முழுக் கணினியையும் அணைப்பார். விளக்கெல்லாம் அணைந்து, காற்றாடிச் சத்தம் அடங்கியதும், பிள்ளைக்குப் பால் பல்லைப் பிடுங்குகிற பக்குவத்தில் பென் டிரைவை எடுத்து, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுப்பார். பிறகு அடுத்த ஆளுக்காகக் கணினியை உயிர்ப்பிப்பார். அந்தப் பழைய கணினி எழுந்து உட்கார்ந்து கண் திறப்பதற்குள் வரிசையில் நிற்பவர்கள் பக்கத்து டீக்கடைக்குப் போய்விட்டு வருவார்கள். டீ மாஸ்டர் அவரைக் குலதெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்திருந்தார்.

ஒரு முறை துணிக்கடை ராவுத்தர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை பென் டிரைவில் கொண்டுவந்தார். முன்னால் நின்றவர்களுக்காகக் கணினி அணைந்து எழுந்து, மறுபடி அணைந்து எழுந்தது.

"பாதுகாப்பு, நிக்காஹ் முடிஞ்சு பேரனே பொறந்துருவான் போலயே. அவனுக்குப் பேரு வைக்கிற பத்திரிகையையும் சேத்தே அடிச்சிருங்க."

"பொறக்கட்டும் பாய். பாதுகாப்பாப் பொறக்கட்டும்."

காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்த திராட்சைத் தோட்டக்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"யோவ், இந்நேரம் ஒரு தோட்டத்தையே அறுத்து, பெட்டி கட்டி, லாரியில ஏத்தியிருப்பேன்யா. அதப் புடுங்கிக் குடு!"

"புடுங்குனா உள்ள இருக்கது போயிரும்ண்ணே."

"உள்ள என்ன பெரிய பொக்கிஷம்? எங்கய்யா போட்டோ ஒண்ணே ஒண்ணு கெடக்கு. பிரேம் போடணும்."

"ஒண்ணே ஒண்ணா இருக்கப் போயித்தாண்ணே பயமா இருக்கு. ரெண்டு கெடந்தா நானே புடுங்கிருவேன்."

தோட்டக்காரர் டீ குடிக்கப் போனார். எதிர்க்கடைக்கும் போகவில்லை.

இப்படி ஒரு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கடை திறந்த புதிதில் அவரும் பிடுங்குகிறவராகத்தான் இருந்தாராம். ஆண்டிபட்டியிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் பென் டிரைவை அவசரத்தில் பிடுங்க, அதிலிருந்த ப்ராஜெக்ட் முழுதும் போய்விட்டது.

"அந்தப் புள்ள வஞ்சிருந்தா மறந்துருப்பேன் சார். கண்ணத் தொடச்சிக்கிட்டு, 'பரவால்லண்ணே'ன்னுட்டு பஸ் ஏறிப் போயிருச்சு."

ஆனால் எல்லாரும் அந்தத் தோட்டக்காரர் இல்லை. எதிர்க்கடையில் பென் டிரைவ்களைக் கத்தரிக்காய் பறிப்பது போலப் பறித்துக் கொடுத்தார்கள். கூட்டம் அங்கே நகர்ந்தது. கட்டடத்துக்காரரும் ஒருநாள் வந்து உட்கார்ந்து, செல்போன் கடைக்கு இடம் கேட்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பொதுவாகச் சொல்வது எதற்கு முன்னோட்டம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"இந்த ஒரு கோளாறு மட்டும் சரியாயிட்டா கூட்டம் இங்கனதான் சார் வரும்" என்றார் பாதுகாப்பு. "மிசினே வாயத் தெறந்து 'எடுக்கலாம்'னு சொல்லணும். அப்பறம் ஒருத்தனும் என்னயக் கேக்க முடியாது."

கோளாறு என்றால் உரியவரிடம் முறையிட வேண்டும். அது என் துறை. அந்த இலவச மென்பொருளை எழுதுகிறவர்களுக்குப் புகார் அனுப்ப இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதில் இமெயில் முகவரி கேட்டது.

"அய்யய்யோ, என் இமெயிலக் குடுக்கக் கூடாது சார். பாதுகாப்பு இல்ல" என்றார். சற்று யோசித்து, "உங்களதப் போடுங்க" என்றார். என் பாதுகாப்பு குறித்து அவருக்கு அவ்வளவு கவலை இருக்கவில்லை.

அடுத்ததாக, கோளாறு எப்படி உண்டாகிறது என்று படிப்படியாக எழுதச் சொன்னது. பாதுகாப்பு சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் படி, வாடிக்கையாளரை உட்காரச் சொல்லவும். அடுத்து, அவரிடம் 'வைரஸ் இருக்கிறதா?' என்று கேட்கவும். அவர் 'போன வாரம் காய்ச்சல் இருந்தது' என்று சொன்னால் கோபப்படக் கூடாது. பிறகு பென் டிரைவைத் துடைக்கவும். கணினி விழுகிற இடம் வருவதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது. நான் அதைச் சுருக்கி, ஆங்கிலத்தில், பொருள், பார்வை எல்லாம் போட்டு, தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது என்று முடித்து அனுப்பினேன். முந்தைய கடிதத்தின் எண்ணைக் குறிக்கிற 'பார்வை' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டேன். காலியாக விட்டால் கோப்பு திரும்பி வந்துவிடும் என்பது என் அனுபவம்.

பெற்றுக்கொண்டோம் என்று நொடியில் ஒரு பதில் வந்தது. பாதுகாப்பு எழுந்தே நின்றுவிட்டார். அது இயந்திரம் தானாக அனுப்புகிற ரசீது என்று விளக்கி அவரை மறுபடி உட்கார வைத்தேன்.

அதற்குப் பிறகு மௌனம்.

தினமும் நான் நாற்காலியில் உட்காரும் முன்பே கேள்வி வந்துவிடும். "சார், அவுக ஏதும் சொன்னாகளா?"

'அவுக' என்பது எந்த நாட்டிலோ, எந்த அறையிலோ முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற அந்தத் தன்னார்வலர்கள். சொந்த மாமனாரைக் குறிப்பிடும்போதுகூட அவர் குரலில் அத்தனை மரியாதை இருந்து நான் கேட்டதில்லை.

"ஒண்ணும் சொல்லல."

"அவுகளுக்கும் சோலி இருக்கும்ல சார். சம்பளமில்லாத வேல."

நான் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு, நினைவூட்டலை நினைவூட்டி ஒன்று அனுப்பினேன். கடைசியாக அனுப்ப எழுதியதில், தகவல் பெறும் உரிமையின் கீழ் கேட்க நேரிடும் என்று மிரட்டும் தொனியில் ஒரு வரி சேர்த்தேன். பாதுகாப்பு படித்துப் பார்த்து அந்த வரியை அடிக்கச் சொன்னார்.

"ஓசில செஞ்சு குடுக்குறவுகள வெரட்டலாமா சார்? மொகம் வாடிரும்."

மழைக்காலம் வந்து போனது. கடையில் ஜெராக்ஸ் மட்டும் அவ்வப்போது ஓடியது. பென் டிரைவோடு வருகிறவர்கள் அநேகமாக நின்றுபோனார்கள். அவரோ தன் சொந்த பென் டிரைவைத் தினமும் செருகி, 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அமுக்கிப் பார்ப்பார். ஜன்னல் விழும். "இன்னிக்கும் இல்ல" என்று கணினியை அணைப்பார். அப்போது அவர் முகம் மருத்துவரிடம் போய்விட்டு வருகிறவர் முகம் போல இருக்கும்.

தைக்குள் கடையைக் காலி செய்து கொடுக்கும்படி கட்டடத்துக்காரர் இந்த முறை பொதுவாக இல்லாமல் நேராகவே சொன்னார். மார்கழி முதல் வாரத்தில், கடையில் உட்கார்ந்திருந்தபோதே பாதுகாப்புக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸில் தேனிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம், ஓட்டுகிறவர் சீட் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே போனாராம். மற்றதை அவர் மனைவி பிறகு சொன்னார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல கதவத் தெறந்துட்டாக சார். வண்டி லேசா உருண்டுக்கிட்டு இருந்துச்சு. 'முழுசா நிக்கட்டும்'னாக. அம்புட்டுத்தான். அதுக்கப்பறம் பேசல."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த அம்மா கணினியை ஆட்டோவில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடையைக் காலி செய்தாக வேண்டும், எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றார். அன்று வலி வந்தபோது செருகியிருந்த பென் டிரைவ் அப்படியே இருந்தது. நான் கையை நீட்டினேன்.

"அதத் தொடாதீக சார்" என்று பதறினார். "அவுக கோவிச்சுக்கிருவாக."

நான் தொடவில்லை.

பிறகு ஒருநாள் காலை, என் இமெயிலில் பதில் கிடந்தது. இந்த முறை மனிதர் எழுதியது. தாமதத்துக்கு வருந்துவதாகவும், இவ்வளவு விவரமான, இவ்வளவு மரியாதையான புகாரைத் தாங்கள் பார்த்ததில்லை என்றும் எழுதியிருந்தார்கள். கழற்றப்பட்ட டிரைவை, அது போன பிறகும் அந்த ஜன்னல் தேடிக்கொண்டே இருந்ததாம். விழுந்ததற்கு அதுதான் காரணமாம். சரிசெய்துவிட்டார்களாம். புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்து, முறையிட்டவர் உறுதி செய்ய வேண்டுமாம். உறுதி வராவிட்டால் புகார் முடித்துவைக்கப்படும். அந்தக் கடைசி வாக்கியத்தை நானே பலருக்கு எழுதியிருக்கிறேன்.

சொன்ன முறைப்படி புதிய பதிப்பை இறக்கிப் போட்டேன். அவருடைய பென் டிரைவுக்கான ஜன்னல் திறந்தது. 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அமுக்கினேன். ஜன்னல் விழவில்லை. திரையின் ஓரத்தில், அவர் ஒருநாளும் பார்க்காத அந்த வாசகம் வந்து நின்றது: 'இப்போது அகற்றலாம்.'

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆனாலும் உரியவருக்குத் தெரிவிக்காமல் ஒரு கோப்பை முடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"பாதுகாப்பு, அவுக சொல்லிட்டாக. எடுக்கலாமாம்" என்றேன்.

எடுத்து, துணியால் துடைத்து வைத்தேன். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேப்பிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பூ சேர்த்துக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோப்பில் குறித்துக்கொண்டேன், பதில் கிடைத்த நாள்: மார்கழி கடைசி, போகி.