லோடிங்கும் முப்பத்தெட்டு வண்டிகளும்

அசையாமல் இருக்கும் ஒரு பொருளைப் பார்த்தால் பொறுக்க முடியாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் கள்ளக்குறிச்சியில் ஒரு பேக்கரியின் மாடியில் உட்கார்ந்து வெப்சைட் செய்துகொண்டிருந்தார். மாடிப்படிகள் பத்தொன்பது, பதினோராவது படி உடைந்தது. முப்பத்தொரு வருடம் அரசாங்கத்துக்காக எதை எதையோ எண்ணினேன். எனக்கு ஓய்வு கொடுத்தார்களே தவிர, எண்ணும் பழக்கத்துக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் 'லோடிங்'. அவர் செய்த வெப்சைட் எதைத் திறந்தாலும் முதலில் ஒரு வட்டம் சுற்றும். அவரும் அப்படித்தான். "டீ சாப்பிடறியா தம்பி?" என்று கேட்டால், வாயைப் பாதி திறந்து, கண்ணைச் சுவரில் நிறுத்தி, நாலு விநாடி நிற்பார். அப்புறம்தான் "சாப்பிடலாங்க" வரும். அதிகபட்சமாக நான் எண்ணியது ஒன்பது விநாடி. அன்று கேட்டது, "நாப்பது வயசாவுதே, கல்யாணம் எப்ப?"

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் டிராக்டர் வாடகைக்கு விடும் ஒருவர் இவரிடம் வெப்சைட் கேட்டார். லோடிங் செய்து கொடுத்ததில், விரலால் பக்கத்தைத் தள்ளத் தள்ள ஒரு டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு குறுக்கே போனது. சக்கரம் சுற்றியது, புகைகூட வந்தது. டிராக்டர்காரர் மகிழ்ந்து போய்ப் பக்கத்தை மேலே தள்ளினார். டிராக்டர் பின்னால் நகர்ந்தது.

"இன்னாயா, வண்டி ரிவர்ஸ்ல போவுது?"

"மேல தள்னா அப்டித்தாங்க போவும். இப்ப எல்லா ஊர்லயும் இதான் ட்ரெண்டு."

"லோடோட ரிவர்ஸ்ல போற வண்டிய எவன்யா வாடகைக்கு எடுப்பான்?"

கச்சிராயபாளையம் கல்யாண மண்டபத்து வேலை இன்னும் மோசம். அந்த வருடம் கறுப்புப் பின்னணிதான் நாகரிகம் என்று எங்கோ படித்திருக்கிறார். மண்டபத்து வெப்சைட்டை முழுக்கக் கறுப்பில் செய்து, பொன் எழுத்தில் பெயர் போட்டார். மண்டபக்காரரின் மனைவி பார்த்தார். "எழவு வூடு மாதிரி இருக்குது. உன் கல்யாணத்துக்குக் கறுப்புதான் கட்டுவியா?" என்றார். நாலு விநாடி ஆயிற்று. "கறுப்பு இருந்தா கண்ணுக்கு நல்லதுங்க" என்றார் லோடிங். பிறகு மூன்று நாள் வேலை செய்து, மூலையில் ஒரு குத்துவிளக்கை வைத்தார். அதைத் தொட்டால் திரி எரியும், பக்கம் முழுக்க மஞ்சளாக விடியும். அந்த அம்மாள் அதைப் பதினாலு முறை ஏற்றி அணைத்ததை நானே பார்த்தேன். அந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்கு முதலில் தோன்றியது அன்றைக்குத்தான்.

என் வேலையை அவரிடம் கொடுத்ததும் அதனால்தான். கல்வராயன் மலையில் பல ஊர்களுக்கு அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். அதனால், எந்த ஊரில் யாரிடம் ஜீப், வேன் இருக்கிறது, கூப்பிட்டால் யார் வருவார் என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முப்பத்தெட்டு வண்டிகள், முப்பத்தெட்டு போன் நம்பர்கள். எனக்கு எழுபத்து மூன்று வயது. இன்னும் எத்தனை நாள் என்பது ஒன்றைத்தான் என்னால் எண்ண முடியவில்லை. எனக்குப் பிறகும் அந்த நோட்டு மலைக்காரர்கள் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

லோடிங் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். திறந்ததும் வட்டம் சுற்றியது. பிறகு மேகம் விலகி மலை எழுந்தது, மலையில் ஒரு ஜீப் ஏறியது, ஹாரன்கூட அடித்தது. கண்ணாடி போன்ற முப்பத்தெட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. மூலையில் ஒரு பொம்மை, "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்றது. பேக்கரி மாடியில் பார்த்த ஆறு பேரும் கைதட்டினார்கள். ஏழாவதாக நானும் தட்டினேன் என்பதை மறைக்கமாட்டேன்.

பதினோராம் நாள் மத்தியானம் மலையிலிருந்து அங்கன்வாடி டீச்சர் கூப்பிட்டார். "சார், உங்க வெப்சைட்டுல மேகமே போய்க்கினு இருக்குது. நம்பர் வரல. இங்க ஒரு பொண்ணுக்கு வலி வந்துடுச்சு."

நோட்டை எடுத்தேன். இருபத்திரண்டாவது வரி, பக்கத்து ஊர் வேன். நம்பரைப் படித்தேன். தப்பாகிவிடக் கூடாதென்று இன்னொரு முறையும் படித்தேன். சாயங்காலம் தகவல் வந்தது. பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு கிராம்.

லோடிங்கிடம் போய்ச் சொன்னேன். "நான் குளிச்சிக்கிட்டிருந்தா இன்னா ஆயிருக்கும் தம்பி?" என்று மட்டும் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். இருபத்தாறு விநாடிக்கு மேல் எண்ண எனக்கு மனமில்லை. "மலைக்குப் போலாங்க" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது வளைவில் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். அவர் செய்த பக்கங்களைப் பார்த்து ஊரில் எத்தனை பேருக்குத் தலை சுற்றியிருக்கிறது என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

டீச்சரின் ஊரில் சிக்னல் ஓரிடத்தில்தான் கிடைக்கும். தண்ணித் தொட்டிக்குப் பின்னால் ஒரு பாறை. டீச்சர் பாறை மேல் நின்று பக்கத்தைத் திறந்தார், நான் எண்ணினேன். தொண்ணூற்று நாலு விநாடி.

"யாருங்க இது வணக்கம் வெச்சிக்கினே இருக்கறது?" என்று டீச்சர் கேட்டார். "அன்னிக்கி நானும் பதிலுக்கு வணக்கம் போட்டேன். மறுபடி வணக்கம்ன்றது. உசுரு போற நேரத்துல எத்தினி வாட்டிங்க வணக்கம் வெக்கறது?"

லோடிங் பாறை மேல் சப்பணமிட்டு லேப்டாப்பைத் திறந்தார். முதலில் பொம்மை போயிற்று. அடுத்து ஹாரன், பிறகு மேகமும் மலையும். ஒவ்வொன்றை எடுத்ததும் டீச்சர் திறப்பார், நான் எண்ணுவேன். எழுபது. ஐம்பத்து மூன்று. நாற்பது. ஜீப்பை எடுக்கும்போது அவர் கை நின்றது. அந்த ஜீப்பின் நாலு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றுவதற்கு ஆறு நாள் உழைத்தாராம். எடுத்தார். பத்தொன்பது. கண்ணாடிப் பெட்டிகள் போனதும் ஐந்து. கடைசியில் வட்டம். இரண்டு.

வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து. ஊர், பெயர், நம்பர்.

"இது வெப்சைட்டே இல்லீங்க. ரேஷன் கடை போர்டு" என்றார் லோடிங்.

"போர்டுன்னா பாத்த ஒடனே தெரியும் இல்ல" என்றார் டீச்சர்.

லோடிங் லேப்டாப்பை மூடப்போய் நிறுத்தினார். பிறகு, கடன் கேட்பவர் மாதிரித் தயங்கி, "ஒன்னே ஒன்னு வெச்சிக்கட்டுமா? கனம் கம்மிதாங்க" என்றார். நம்பரைத் தொட்டால் அந்த வரி மட்டும் பச்சையாகிக் கொஞ்சம் பெரிதாகும், போன் ஒருமுறை விர்ரென்று அதிரும். டீச்சர் தொட்டுப் பார்த்தார். இன்னொரு முறை தொட்டார்.

"இது இருக்கட்டும். பதட்டத்துல தொட்டமா இல்லியான்னே தெரியாது. இது தெரியுது."

லோடிங்கின் முகத்தில் அந்தக் கல்யாண மண்டபத்து விளக்கு எரிந்தது. ஒருவர் தொட்டதற்குப் பதில் சொல்லும் அசைவு வேறு, தானாகவே ஆடிக்கொண்டிருக்கும் அசைவு வேறு. முப்பத்தொரு வருடம் எண்ணியவனுக்கு அந்த இரண்டையும் அன்று பாறை மேல்தான் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது.

அவர் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். பேக்கரி மாடியில் வேறு யாரோ. பட்டியலில் இன்று நாற்பத்தொரு வண்டிகள். மலையிலிருந்து வரும் மாற்றங்களைச் சொன்னால் ஓசூரிலிருந்தே திருத்தி விடுகிறார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு யாரும் நம்பர் கேட்பதில்லை. நிம்மதியாகக் குளிக்கிறேன்.

போன மாதம் டீச்சர்தான் சொன்னார், பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் என் பெயர் இருக்கிறது, அதைத் தொட்டுப் பாருங்கள் என்று. தொட்டேன். அந்தப் பழைய வட்டம் வந்து சுற்றிவிட்டு மறைந்தது. இதனால் பக்கம் தாமதமாகுமோ என்று கவலைப்பட்டு உடனே மூடித் திறந்து எண்ணினேன். அதே இரண்டு விநாடி. வட்டம் சுற்றுவது மூன்று சுற்று. தினமும் காலையில் ஒருமுறை தொடுகிறேன். மூன்றுதான் என்று தெரியும். இருந்தாலும் எண்ணுகிறேன்.