பாலாற்றில் காற்று இல்லை

முனிரத்தினத்தின் காலுக்குக் கீழே பாலாற்று மணல் பஸ் வேகத்தில் ஓடியது. தரையிறங்கும்போது மணல் அப்படி ஓடக் கூடாது.

"வேகமா வந்தா வீம்பு புடிக்காத, திரும்ப ஏறிடு" என்று பயிற்சி கொடுத்த மாஸ்டர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. முதுகிலிருந்த மோட்டாரை முடுக்கினான். தலைக்கு மேல் விரிந்திருந்த துணி இறக்கை அவனை மறுபடி தூக்கியது.

செவிலிமேட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் பாராமோட்டார் வாங்கினால் வீட்டில் சும்மா விடுவார்களா? மனைவி சுகாசினி நேற்றே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "நாளைக்கி எல்லாரும் பாக்குறப்ப ரெண்டு கால்ல நின்னு எறங்கணும். வுழுந்து வாரினா, மறுநாளே அத்த வித்துடணும்."

அவனும் முறையாகத்தான் ஏற்பாடு செய்திருந்தான். மின்கம்பி, மரம் எதுவும் இல்லாத மணல்வெளி. கூட்டம் கயிற்றுக்கு அப்பால். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கம்பத்தில் ஒரு துணி. காற்றுக்கு எதிராக இறங்கினால்தான் வேகம் அடங்கும்.

துணி கட்டும் பொறுப்பு சுகாசினிக்கு. வீட்டிலேயே பட்டுப்புடவை விற்பவள் அவள். கந்தல் துணியையா கட்டுவாள்? அரக்குப் பட்டு, சாண் அகல ஜரிகை முந்தானையோடு கம்பத்தில் தகதகத்தது. முனிரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை. உலகத்தில் எவனுக்கு இந்தக் கொடுப்பினை!

முந்தானை ஆடவில்லை. ஆகவே காற்று இல்லை, எந்தப் பக்கமாக இறங்கினாலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டி, கூட்டத்துக்குத் தன் முகம் நன்றாகத் தெரிகிற பக்கமாக வந்தான். ஓசூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வேறு வந்திருந்தார்களே!

வாக்கி டாக்கியை அழுத்தினான். "சுகா, துணி அசையுதா?"

"துளிகூட அசையலைங்க!" அவள் குரலுக்குப் பின்னால் ஒரே கைதட்டல்.

ஓசூர்வரை பெயர் பரவிவிட்டது என்று மீசையைத் தடவிக்கொண்டு இரண்டாம் முறை இறங்கினான். மணல் முன்னைவிட வேகமாக ஓடியது. திரும்ப ஏறினான்.

"இன்னாமோ சரியில்ல. அத்த அவுத்துட்டு லேசா ஒரு பொடவை கட்டும்மா!"

"லேசான பொடவையா? நம்மகிட்ட அந்தப் பேச்சுக்கே எடமில்லைங்க!" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினாள் சுகாசினி. அரக்கு இறங்கியது. அதைவிடக் கனமான மாம்பழ நிறக் கல்யாணப்பட்டு ஏறியது.

"இது?"

"ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுங்க!" மறுபடி கைதட்டல், விசில் வேறு.

பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இனி ஏற முடியாது. பாடம் ஒன்றையும் அவன் மறக்கவில்லை. மோட்டாரை அணைத்தான். இருக்கையிலிருந்து நழுவிக் காலைத் தொங்கவிட்டான். தரை நெருங்கியதும் இரண்டு பிரேக் கயிறுகளையும் இடுப்புவரை இழுத்தான். கால் மணலைத் தொட்டது. ஓடினான், ஓடினான், ஏழாவது எட்டில் குப்புற விழுந்தான்.

கைதட்டல் பாலாற்றையே அதிரவைத்தது.

'போச்சு. ஊரே பாத்துடுச்சு. நாளைக்கு வண்டி வேற எவன் வீட்டுக்கோ' என்று நினைத்துக்கொண்டான். வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு எழுந்து நின்றான்.

ஒரு முகம்கூடத் தெரியவில்லை. சுகாசினி உட்பட அத்தனை பேரும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். நடுவில், அந்தப் புடவைகளை நெய்த துரைக்கண்ணு, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, புடவை எடுக்க வந்த ஓசூர்க்காரர்களிடம் முழங்கிக்கொண்டிருந்தார்.

"என் தலைத்துண்டே பறந்து பூட்ச்சு, இந்த முந்தானை அசைஞ்சுதாம்மா? கெட்டி ஜரிகைன்னு இப்பவாவது நம்புறீங்களா... அட முனிரத்தினம், நீ எப்பப்பா எறங்கின?"