தலையணைத் தளபதி

தலையணைத் தளபதி என்றொரு இனம் உண்டு. துப்பாக்கியைத் தொட்டதில்லை, சீருடை போட்டதில்லை. அதிரடிப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளை, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்துகொண்டு படித்து, எது நிஜம், எது கப்சா என்று தீர்ப்பு வழங்குவதே இவர்களுடைய ஆயுள் பணி. ஆளைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். அடியேன் அதில் மூத்த உறுப்பினன்.

தீர்ப்பு முறை எளியது. "எனக்குப் பயமே இல்லை" என்று எழுதினால் புளுகன். "பயந்து நடுங்கினேன்" என்று எழுதினால், அடக்கமாக நடிக்கிற புளுகன். எதிரி முகாமை விவரமாக வர்ணித்தால், குண்டு பறக்கும்போது வேடிக்கையா பார்த்துக்கொண்டிருந்தார்? வர்ணிக்காவிட்டால், ஆள் அந்தப் பக்கமே போகவில்லை. இப்படிப் பனியிலும் சேற்றிலும் ஊர்ந்து, கயிற்றில் தொங்கி, கால்விரல் உறைந்து, எப்படியோ உயிரோடு திரும்பி எழுத உட்கார்ந்த ஒரு மனிதரை, தையல் இயந்திர உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நான், போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்ற ஒரே கேள்வியில் வீழ்த்திவிடுவேன்.

என்ன வீரம்!

"ஏங்க, குளியலறையில கரப்பான் பூச்சி பறக்குது," என்பாள் மனைவி.

"நீயே பார்த்துக்கோயேன். நான் ஆத்தைக் கடந்துட்டிருக்கேன்."

என் புகழ் தெருமுனை நூலகம் வரை பரவியிருந்தது. ஓய்வுபெற்ற அதிரடிப்படை வீரர் ஒருவர் புத்தகம் எழுதியிருக்கிறார், அறிமுகக் கூட்டம், நீங்கள்தான் பேச வேண்டும் என்று நூலகர் கடைக்கே வந்து கேட்டார். "போர்ப் புத்தகம்னா உங்களை விட்டா யாரு சார்?" வேறு யார்? ஒப்புக்கொண்டேன்.

வீரரை மேடையில் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி வேறு. இவரா கயிற்றில் தொங்கினார்? சந்தேகம் அங்கேயே சூடு பிடித்தது. மைக்கைப் பிடித்தேன். கரடு முரடான பாதை, காலணி, மழை என்று எல்லாவற்றையும் நூலாசிரியர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினேன்.

"ஆனா, கூட வந்த நண்பனுக்கு வயித்துல குண்டு படுது. அதை மட்டும் ஒரே வரியில முடிச்சிட்டாரு. 'வலி தெரியாமல் ஒரு நொடியில் போய்விட்டான்.' வயித்துல குண்டு பட்டவன் ஒரு நொடியில சாவானா? மணிக்கணக்கா துடிப்பான். புத்தகத்துல மத்ததெல்லாம் எப்படியோ, இந்த வரி சுத்தப் பொய்!"

கைதட்டலுக்காக நிறுத்தினேன். யாரும் தட்டவில்லை. முதல் வரிசையில், புத்தகத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெண்மணி மெல்ல எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை; வீரரைப் பார்த்தார்.

"அப்போ என் தம்பி எப்படிப்பா போனான்?"

மைக்கை மெல்லக் கீழே இறக்கினேன்.

"ஒரு நொடிதான்க்கா," என்றார் வீரர். "நான் பக்கத்துலதானே இருந்தேன்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கண்ணில் கோபமே இல்லை. கெஞ்சல் இருந்தது. காலமெல்லாம் பொய்யை மோப்பம் பிடித்துத் திரிந்தவனுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தீர்ப்பு சரியாக அமைந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"அம்மா, அவசரத்துல உளறிட்டேன்," என்றேன். "வயித்துக்குப் பின்னால ஒரு பெரிய ரத்தக் குழாய் ஓடுது. அதுல பட்டா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். வலியே தெரியாது. நான் படிச்ச எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

எந்தப் புத்தகத்திலும் அப்படிப் போட்டிருக்கவில்லை.

அந்தப் பெண்மணி அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "நிறையப் படிச்சவர் சொன்னா சரிதான்," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் படித்ததால் ஒருவருக்கு ஆறுதல் கிடைத்தது அன்றுதான். அதுவும் படிக்காததைச் சொன்னதால்.

கூட்டம் கலைந்தபோது வீரர் வாசலில் என் கையைப் பிடித்தார். விடவே இல்லை.

"நல்லா பொய் சொல்றீங்க சார்," என்றார். "நீங்களும் ஒரு புத்தகம் எழுதலாம்."

வாசகரே, இதுவரை பொறுமையாகப் படித்தீர்கள், நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். 'அதெப்படி, செத்தவனுடைய அக்கா சொல்லிவைத்தாற்போல் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பார்? இந்த ஆள் கதை விடுகிறான்' என்று நடுவில் உங்கள் புருவம் லேசாக உயர்ந்ததா, இல்லையா?

உயர்ந்ததா? வணக்கம், தளபதி.