என் தலைமுடியும் கிருத்திகைக் காரக்குழம்பும்

என் தலைமுடி விவகாரத்துக்கு இந்தக் கிருத்திகையோடு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

நாற்பத்தாறு வயதிலும் உள்ளே போன சீப்பு வெளியே வரத் திணறும் தலை எனக்கு. கடைவீதியில் என் வயசுக்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். பார்த்துப் பல்லைக் கடிப்பவள் ஒருத்திதான். என் மனைவி கனிமொழி.

"எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்து நம்ம மலையில மொட்டை போட்டுகினு போறாங்க. திருத்தணியிலயே குடியிருந்துகினு ஒரு தடவை போட்டீங்களா நீங்க?"

"உள்ளூர்க்காரன் எப்ப வேணா போடலாம். என்னா அவசரம்?"

கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லியே காலத்தை ஓட்டினேன். போன வாரம் சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "குழம்பு வைக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டேன்.

கரண்டி அப்படியே நின்றது.

"அப்போ கிருத்திகைப் படையலுக்கு நீங்களே காரக்குழம்பு வைங்க. நானும் அம்மாவும் மலைக்குப் போயிட்டு வர்றோம். வாயில வைக்கற மாதிரி இருந்துச்சுன்னா, சாகற வரைக்கும் மொட்டைப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"இல்லைன்னா?"

"மறுநாளே மொட்டை."

"பந்தயம்!" என்றேன். ஆண்பிள்ளை அல்லவா!

கிருத்திகையன்று காலையில், நகரியிலிருந்து வந்திருந்த என் மாமியார் அன்னம்மாளைக் கூட்டிக்கொண்டு கனிமொழி மலைக்குக் கிளம்பினாள். நான் லுங்கியை மடித்துக் கட்டினேன். கத்திரிக்காய் வதங்கியது. மொச்சை வெந்தது. புளித்தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இவ்வளவுதானா சமையல் என்று அடுப்பைப் பார்த்து நானே சிரித்தேன்.

அப்புறம் தூள் டப்பாவை எடுத்தேன். எங்கள் வீட்டுக் குழம்புத்தூள் மிளகாயோடு தனியாவும் மற்றதும் சேர்த்து அரைத்தது. மூன்று கரண்டி தாராளமாகப் போடலாம். போட்டேன். போட்ட பிறகுதான் பார்த்தேன், அது எங்கள் வீட்டு டப்பாவே இல்லை. மாமியார் நகரியிலிருந்து கொண்டுவந்த டப்பா. அதில் இருந்தது வெறும் மிளகாய். எல்லைக்கு அந்தப் பக்கத்து மிளகாய். அதை அவர்களே விரல் நுனியால்தான் தொடுவார்கள்.

முதல் தும்மல் என்னுடையது. அடுத்த தும்மல் மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுப் புஷ்பலதா தலையை நீட்டினாள்.

"என்னாண்ணா, யாருக்குத் திருஷ்டி கழிக்கறீங்க? தெருவே இருமுது!"

"திருஷ்டி இல்லம்மா. குழம்பு."

"குழம்பா! வாயில வச்சுப் பாத்தீங்களா?"

"படைக்கறதுக்கு முன்னாடி எச்சில் பண்ணலாமா? சாமி குத்தம் ஆயிடும்மா."

"ஐயையோ, ஆமால்ல! கீழ ஊத்திட்டு வேற வைங்க."

"காயி இல்லையே. இந்தக் கூட்டத்துல மார்க்கெட்டுக்குப் போயி நான் எப்போ திரும்பி வர்றது?"

கை தானாகத் தலைக்குப் போனது. புஷ்பலதா இளகிய மனசுக்காரி. உள்ளே போய் உருளைக்கிழங்கோடு வந்தாள்.

"இதை வெட்டிப் போடுங்க. காரத்தை இழுத்துக்கும்."

"இழுத்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"சுவத்தாண்ட கொண்டாங்க. நான் மோந்து பாக்கறேன். தும்மல் வந்தா காரம் இருக்குது. வரலைன்னா இறங்கிடுச்சு."

இப்படியும் ஒரு பரிசோதனை! கிழங்கு வெந்ததும் ஒரு கரண்டி கொண்டுபோனேன். "ஹச்!" என்றாள். புளியும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவிட்டேன். மறுபடி "ஹச்!" வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். தும்மல் பாதியில் நின்று, என்னை நம்ப வைத்து, பிறகு பெரிதாக வந்தது. நடுநடுவே அவள் செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய் வந்தாள். எனக்கு இருந்த பதற்றத்தில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

குழம்பு சட்டியிலிருந்து குண்டானுக்குப் போய், குண்டானிலிருந்து அண்டாவுக்குக் குடிபெயர்ந்தது. நாலு பேர் சாப்பாட்டுக்கு ஆரம்பித்தது. இப்போது மலையேறும் கூட்டத்துக்கே பந்தி போடலாம். கடைசியாகத் தேங்காயைத் துருவி, கெட்டிப்பால் பிழிந்து ஊற்றி இறக்கினேன்.

புஷ்பலதா மோந்தாள். கண்ணை மூடினாள். மறுபடி மோந்தாள்.

"வரலண்ணா!"

சுவர் மட்டும் நடுவில் இல்லையென்றால் அவள் காலில் விழுந்திருப்பேன்.

மத்தியானம் கனிமொழியும் மாமியாரும் வந்தார்கள். படைத்தோம். கற்பூரம் காட்டினோம். இலை போட்டேன். மாமியார் ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"பாக உந்தி நைனா! நல்லாருக்குது, இன்னும் கொஞ்சம் ஊத்து!"

கனிமொழியும் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள். நான் தலையை ஒரு கோது கோதினேன்.

"என்னா கனி, எப்படி?"

"அருமைங்க. நான் வச்சாக்கூட இப்படி வராது."

"அப்போ மொட்டை?"

"நாளைக்குக் காலையில."

"ஏய், ஜெயிச்சது நானு!"

"ஆங், நீங்கதான். யாரு இல்லைன்னா? புஷ்பலதா அக்கா மலைக்கே போன் பண்ணி, குழம்பு கோளாறாயிடுச்சு, தும்மிகினே இருக்கறோம்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சாமிக்குப் படைக்கறதாச்சே! சன்னதியிலயே வேண்டிக்கினேன். முருகா, குழம்பு நல்லபடியா வரட்டும், எங்க வீட்டுக்காரர் முடியை உனக்குக் குடுத்துடறேன்னு."

"என் முடியைக் குடுக்க நீ யாரு?"

மாமியார் விரலை வழித்துக்கொண்டே மலைப் பக்கம் கையைக் காட்டினார். "எங்ககிட்ட ஏன் நைனா சண்டை? அவர் குழம்பைச் சரி பண்ணிக் குடுத்துட்டாரு. இனிமே அவராச்சு, நீயாச்சு."

குழம்பு நல்லாவே இல்லை என்று சாதிக்க வாயைத் திறந்தேன். பந்தயம் ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

தலையில் தடவிய சந்தனம் இன்னும் காயவில்லை. விசிறிக்கொண்டிருக்கிறேன்.